நோயாளிகள் குழு கூடுகிறது, கலைகிறது. சிகிச்சைத் தரம் இதனால் உயருமா?

கேள்வி: மார்ச் 3, காலை 8:15

எங்கள் ஆரம்ப சிகிச்சை மையத்தில் நோயாளிகளும் குடும்பத்தாரும் சேர்ந்த ஆலோசனைக் குழு ஒன்று இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும். நாற்காலி போதவில்லை, கழிவறை சுத்தமில்லை, போனை யாரும் எடுப்பதில்லை என்று பேசுவார்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதும் கலைந்துவிடுவார்கள். சர்க்கரை கட்டுப்படுகிறதா, மருந்து ஒழுங்காகப் போகிறதா என்பதற்கும் இந்தக் குழுவுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மருத்துவத் தரம் மருத்துவர்களின் வேலை, நோயாளிகளை உட்காரவைத்துப் பேசுவது கண்துடைப்பு என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

மார்ச் 3, இரவு 9:40

கண்துடைப்பு என்பதில் பாதியை ஒத்துக்கொள்ளலாம். மீதிப் பாதிக்கு மறுப்பு.

முதலில் குழுவை அமைத்துவிட்டு, அதற்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று பிறகு யோசித்தால் நாற்காலியும் கழிவறையும்தான் பேசப்படும். எல்லோருக்கும் கண்ணில் படுவது அதுதான். முதலில் ஒரு தரப் பிரச்சினையை எடுங்கள். "ரத்த அழுத்த நோயாளிகளில் கணிசமானவர்கள் மூன்றாவது மாதத்தில் வருவதை நிறுத்திவிடுகிறார்கள்" என்பது போல ஒன்றே ஒன்று. அதை அனுபவித்தவர்களைத் தேடிப் போங்கள். குழு வேண்டுமா வேண்டாமா என்பது அதன் பிறகு தானாகத் தெரியும்.

மருத்துவத் தரம் மருத்துவர் வேலை என்பது அறைக்குள் நடப்பதற்குப் பொருந்தும். ஆரம்ப சிகிச்சையின் பெரும்பகுதி அறைக்கு வெளியே நடக்கிறது. மாத்திரை வீட்டில் போடப்படுகிறது. லேப் ரிப்போர்ட் எங்கோ ஒரு மேசையில் கிடக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் மாற்றி எழுதிய மருந்து இங்குள்ள கேஸ் ஷீட்டில் ஏறவில்லை. இந்த இடைவெளிகளை முழுதாகக் கடந்து வருபவர் நோயாளி மட்டுமே. ஊழியர் ஒவ்வொருவரும் தன் மேசையளவுக்குத்தான் பார்க்கிறார்.

மார்ச் 4, காலை 7:05

"ஆதாரம் எங்கே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 6 பகுதிகளில் நடந்து 2014-ல் வெளியான ஒரு சோதனை இருக்கிறது. நாள்பட்ட நோய்களுக்கான ஆரம்ப சிகிச்சையில் எதை முதலில் சரிசெய்வது என்பதைச் சில பகுதிகளில் மருத்துவ ஊழியர்கள் மட்டும் முடிவு செய்தார்கள். மற்றவற்றில் நோயாளிகளும் உட்கார்ந்தார்கள். ஊழியர்கள் மட்டும் இருந்த இடங்களில் தனித்தனி நோய்களின் தொழில்நுட்ப அளவுகோல்கள் மேலே வந்தன. நோயாளிகள் இருந்த இடங்களில் மருத்துவரைச் சந்திக்க வழி கிடைப்பது, தன்னைத் தானே கவனித்துக்கொள்ள உதவி, சிகிச்சை முடிவில் பங்கு ஆகியவை மேலே வந்தன. நேரம் 10 சதவீதமும் செலவு 17 சதவீதமும் கூடின. பட்டியல் மாறியது என்பதுதான் கண்டுபிடிப்பு. நோயாளிகளின் உடல்நலம் கூடியதா என்பதை அந்தச் சோதனை அளக்கவில்லை. அதைத் தாண்டி அதில் எதையும் படித்துவிட வேண்டாம்.

மார்ச் 4, இரவு 10:20

குழுவில் யார் உட்காருகிறார்கள் என்று பாருங்கள். பகலில் நேரம் உள்ளவர், ஓய்வு பெற்றவர், பேசத் தயங்காதவர், ஓரளவு நலமாக இருப்பவர். வராதவர்கள்: ஷிப்ட் வேலைக்காரர், படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்பவர், போன மாதம்தான் நோய் தெரிந்தவர், மையத்தின் மேல் கோபித்துக்கொண்டு வருவதையே நிறுத்தியவர். கடைசி ஆள்தான் உங்களுக்கு மிகவும் வேண்டியவர். அவர் கூட்டத்துக்கு வரமாட்டார். போனில் பதினைந்து நிமிடம் பேசுவார்.

செய்யும் விதம்: மூன்று மாதமாக வராதவர்களின் பட்டியலை எடுத்து, அதில் குருட்டாம்போக்கில் பத்துப் பேர். அவர்களுக்குச் சிகிச்சை தராத ஊழியர் ஒருவர் அழைக்க வேண்டும். "ஏன் வரவில்லை" என்று ஆரம்பித்தால் சாக்குத்தான் வரும். "கடைசியாக வந்த அன்று என்ன நடந்தது, வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து சொல்லுங்கள்" என்று கேளுங்கள். குறுக்கே பேசக் கூடாது, மையத்துக்காக வாதாடக் கூடாது. ஆறேழு பேரிடம் பேசி முடிப்பதற்குள் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வர ஆரம்பிக்கும்.

மார்ச் 5, மதியம் 1:30

கருத்துப் பெட்டி பற்றிக் கேட்டவருக்கு: முதலில் அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். பல இடங்களில் விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

மார்ச் 6, இரவு 8:50

இனி நடைமுறை. எதிலிருந்து தொடங்குவது என்றால் மருந்துப் பை. செலவு கிடையாது, கூட்டம் கிடையாது, குடும்பத்தார் இல்லாமல் நடக்கவும் நடக்காது.

அடுத்த முறை வரும்போது வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வரச் சொல்வது. நர்ஸோ மருந்தாளரோ ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்து நான்கு விஷயம் கேட்கிறார்: இது எதற்கு, எப்போது போடுகிறீர்கள், நேற்று போட்டீர்களா, யார் எழுதிக் கொடுத்தது. பதிலை கேஸ் ஷீட்டோடு ஒப்பிடுகிறார். ஒருவருக்கு 10 முதல் 15 நிமிடம். ஐந்து மருந்துக்கு மேல் போடுபவர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து சமீபத்தில் வீடு திரும்பியவர்கள் ஆகியோரோடு தொடங்கினால் போதும்.

வழக்கமாக அகப்படுபவை:

ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில், இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்தச் சொன்ன மாத்திரை நிற்காமல் தொடரும். தீராமல் இருக்கட்டும் என்று ஒரு மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுவார்கள். சளி மாத்திரையிலும் பாராசிட்டமால், காய்ச்சல் மாத்திரையிலும் பாராசிட்டமால்.

இவற்றைவிட ஆபத்தானது ஒன்று. ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் வகை மாத்திரை, கூடவே நீர் பிரியும் மாத்திரை, அதற்கு மேல் மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் தானாக வாங்கிப் போடும் ஐபுப்ரோஃபென் அல்லது டைக்ளோஃபெனாக். மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் அடிவாங்கும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் உள்ள நாளில் ஆபத்து இன்னும் அதிகம். அந்த மூன்றாவது மாத்திரை எந்தக் கேஸ் ஷீட்டிலும் இருக்காது, பையில் மட்டும்தான் இருக்கும்.

இது எங்கே கெட்டுப்போகிறது என்றால் அழைப்பு வாசகத்தில். "தினமும் சாப்பிடும் மாத்திரைகளைக் கொண்டு வரவும்" என்று எழுதினால் கண் சொட்டு மருந்து, இன்ஹேலர், ஊசி, களிம்பு, மூலிகைப் பொடி, "எப்போதாவது" போடும் வலி மாத்திரை எல்லாம் வீட்டிலேயே தங்கிவிடும். ஆகவே அந்த வாசகத்தை இரண்டு நோயாளிகளையும் வீட்டில் மருந்து எடுத்துக் கொடுக்கும் இரண்டு பேரையும் வைத்து எழுதுங்கள். எழுதியதை ஐந்து பேருக்கு அனுப்பி, என்ன வந்து சேர்கிறது என்று பாருங்கள். விடுபட்டதைப் பார்த்து வாசகத்தை மாற்றி அடுத்த ஐந்து பேர். திட்டமிடு, செய், பார், திருத்து என்று தர மேம்பாட்டுப் பயிற்சி வகுப்பில் சுவரில் வரைந்து காட்டும் சுழற்சி இவ்வளவுதான்.

இன்னொன்று, பையைப் பார்த்ததும் திட்டக் கூடாது. "இதை யார் போடச் சொன்னது?" என்று ஒரு தடவை குரல் உயர்ந்தால் அடுத்த முறை பை மெலிந்துதான் வரும்.

மார்ச் 6, இரவு 11:15

மேலே உள்ளதில் ஒரு சேர்க்கை. பை பார்த்து முடித்ததும் புதிய பட்டியலை நோயாளி கையில் கொடுக்க வேண்டும், பெரிய எழுத்தில், காரணத்தோடு: "அம்லோடிபின் 5 மி.கி., காலை ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு". நிறுத்திய மருந்துகளைப் பட்டியலில் விட்டுவிடாமல் "நிறுத்தியது" என்ற தலைப்பில் தனியாக எழுதுங்கள். பெயரையே காணோம் என்றால் எழுத மறந்துவிட்டார்கள் என்று நினைத்து வீட்டார் மறுபடி தொடங்கிவிடுவார்கள்.

மார்ச் 8, காலை 6:50

"குழுவில் ஒரு நோயாளிப் பிரதிநிதி இருக்கிறாரே, போதாதா?"

போதாது. எட்டு ஊழியருக்கு நடுவே ஒற்றை ஆள் என்றால் தலையாட்டத்தான் முடியும். குறைந்தது இரண்டு பேர், முடிந்தால் மூன்று. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு ஒருவர் போனில் விஷயத்தை விளக்க வேண்டும். போக்குவரத்துச் செலவையும், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்த செலவையும் அன்றைக்கே கையில் கொடுக்க வேண்டும். ரசீது வாங்கிவிட்டு அடுத்த மாதம் தருகிறோம் என்றால் வசதியுள்ளவர் மட்டும் எஞ்சுவார். பதவிக்காலம் இரண்டு ஆண்டு, ஆண்டுக்குப் பாதிப் பேர் மாறுவது என்று வைத்துக்கொண்டால் நல்லது. நீண்ட நாள் இருப்பவர் மெல்ல மையத்தின் ஆளாகிவிடுவார். புது நோயாளி குறை சொன்னால் அவரே எழுந்து மையத்துக்காகப் பதில் சொல்வார்!

ரகசியம் காக்கும் உறுதிமொழி எழுத்தில் வேண்டும். அதைவிட, கூட்டத்தில் யாருடைய கேஸையும் பேசாமல் இருப்பது.

மார்ச் 8, இரவு 9:30

அமெரிக்கப் பொதுக்கொள்கை ஆய்வாளர் ஷெரி ஆர்ன்ஸ்டைன் 1969-ல் வரைந்த ஏணியை ஒருவர் நினைவூட்டினார். மக்கள் பங்கேற்புக்கு எட்டுப் படி: அடியில் ஆட்டுவிப்பது, உச்சியில் மக்களே ஆள்வது. கேள்வி கேட்டவரின் குழு ஐந்தாம் படியில், அதாவது சமாதானப்படுத்தும் படியில் நிற்கிறது என்று சொல்லலாம்.

ஆனால் அந்த ஏணி நகரத் திட்டமிடலுக்கு வரைந்தது. சிகிச்சை மையத்தில் எல்லோரையும் உச்சிப் படிக்கு ஏற்ற வேண்டும் என்பதில்லை. மருந்துப் பை வாசகத்தை எழுதித் தர இரண்டு மணி நேரம் மட்டும் ஒதுக்கக்கூடிய ஒருவரின் பங்கு, மாதக் கூட்டத்தில் உட்காரும் ஒருவரின் பங்கைவிடக் குறைந்ததில்லை. எந்த வேலைக்கு எந்த அளவு அதிகாரம் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "கருத்துத்தான் கேட்கிறோம், முடிவு எங்களுடையது" என்பதுகூட நேர்மையான ஏற்பாடுதான், முதலிலேயே சொல்லியிருந்தால்.

மார்ச் 10, மதியம் 2:10

திருப்தியாக இருக்கிறீர்களா என்று கேட்கும் படிவத்தைக் கிழித்துப் போடலாம். எல்லோரும் ஐந்துக்கு நான்குக்குக் குறையாமல்தான் போடுவார்கள், அதிலும் படிவத்தை நீட்டுபவர் நாளைக்கு ஊசி போடப் போகும் நர்ஸாக இருந்தால். நடந்ததைக் கேளுங்கள்:

புதிய மருந்தின் பக்க விளைவு பற்றி யாராவது சொன்னார்களா?
எந்த அறிகுறி வந்தால் காத்திருக்காமல் வர வேண்டும் என்று தெரியுமா?
பரிசோதனை முடிவு எப்போது, யார் மூலம் தெரியும் என்று சொன்னார்களா?

ஆம், இல்லை, நினைவில்லை. மூன்று கேள்வி போதும். வாரம் பத்துப் பேரிடம், வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில், வாசலில் நின்று கேட்டு எழுதிக்கொள்வது. கேட்பவர் நோயாளிக் குழுவின் ஆளாக இருந்தால் உண்மையான பதில் வரும்.

மார்ச் 10, மதியம் 2:45

பத்துப் பேர் புள்ளிவிவரமாகுமா என்று சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். ஆராய்ச்சிக்கு ஆகாது. மேம்பாட்டுக்கு ஆகும், ஏனென்றால் ஒரு வாரத்தை மட்டும் பார்ப்பதில்லை. "ஆம்" சொன்னவர்களை வாராவாரம் வரைபடத்தில் புள்ளியாக வையுங்கள். பத்துப் பன்னிரண்டு வாரம் ஆனதும் நடு மதிப்பில் (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதில்) ஒரு கோடு. தொடர்ச்சியாக ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகள் கோட்டின் ஒரே பக்கம் விழுந்தாலோ, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவை தொடர்ந்து ஏறினாலோ இறங்கினாலோ, ஏதோ உண்மையிலேயே மாறியிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு வாரம் எட்டு, அடுத்த வாரம் ஐந்து என்பதற்கெல்லாம் யாரையும் கூப்பிட்டு விளக்கம் கேட்காதீர்கள். வெறும் ஏற்ற இறக்கம் அது.

மார்ச் 11, இரவு 10:05

"விளக்கித்தான் சொல்கிறோம், நோயாளிகள்தான் கேட்பதில்லை" என்று ஒரு மருத்துவர் எழுதியிருக்கிறார்.

கேட்கிறார்கள், மறந்துவிடுகிறார்கள். மருத்துவர் சொன்னதில் 40 முதல் 80 சதவீதம் உடனே மறந்துபோகிறது, நினைவில் நிற்பதிலும் ஏறக்குறையப் பாதி தவறாக நிற்கிறது என்று 2003-ல் வெளியான ஒரு தொகுப்புக் கட்டுரை சொல்கிறது. "புரிந்ததா?" என்பதற்கு உலகம் முழுக்க ஒரே பதில்தான்: தலையாட்டல்.

மாற்று வழி, திருப்பிச் சொல்ல வைப்பது. சோதனை வைக்கும் தொனி கூடாது. "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போனதும் மகள் கேட்டால் இந்த மாத்திரையைப் பற்றி என்ன சொல்வீர்கள்?" தப்பாக வந்தால் அதே வார்த்தைகளை இன்னும் சத்தமாகச் சொல்வதில் பயனில்லை. வேறு விதமாகச் சொல்லி மறுபடி கேட்க வேண்டும். ஒரு சந்திப்பில் மூன்று செய்திக்கு மேல் வேண்டாம். இன்ஹேலர் என்றால் வாயால் சொல்வது போதாது, செய்து காட்டச் சொல்லுங்கள். அழுத்தும் வகை என்றால்: குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக உள்ளிழுக்கும்போதே அழுத்தி, பத்து விநாடி அடக்கி. பெரும்பாலும் அழுத்துவதும் இழுப்பதும் ஒத்துப்போகாது.

இதில் தர மேம்பாடு எங்கே வருகிறது? எந்தச் செய்தி அடிக்கடி தப்பாகத் திரும்பி வருகிறது என்று ஒரு மாதம் கோடு போட்டு எண்ணுங்கள். ஒரே செய்தி பலரிடம் தப்பினால் கோளாறு உங்கள் விளக்கத்தில், அல்லது அச்சடித்த தாளில். அந்தத் தாளைத் திருத்த வேண்டியவர்கள் தப்பாகப் புரிந்துகொண்ட அந்த நோயாளிகள்தான். முதல் தடவையே புரிந்துகொண்டவரைக் கூப்பிட்டால் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

மார்ச் 12, காலை 7:20

பரிசோதனை முடிவு. "தகவல் வரவில்லை என்றால் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது" என்ற பழக்கத்தை ஒழிக்க வேண்டும். தகவல் வராததற்கு ரிப்போர்ட் தொலைந்ததும் காரணமாக இருக்கலாம். ரத்தம் எடுத்த அன்றே ஒரு துண்டுச் சீட்டு: என்ன பரிசோதனை, எந்தத் தேதிக்குள் முடிவு, அதற்குள் தகவல் இல்லையென்றால் எந்த எண்ணில் யாரை அழைப்பது.

ஆனால் இது கடைசி வலை மட்டும். அனுப்பிய பரிசோதனைகளின் பட்டியலை மையம் வாரம் ஒருமுறை சரிபார்த்தே ஆக வேண்டும். நோயாளியிடம் சீட்டைக் கொடுத்துவிட்டோம், இனி அவர் பாடு என்று கைகழுவுவது பங்கேற்பு ஆகாது, வேலையைத் தள்ளிவிடுவது. இந்த எல்லையை மீறும் "நோயாளி ஈடுபாடு" நிறைய உண்டு.

மார்ச் 13, இரவு 9:00

குடும்பத்தார் பற்றி எச்சரிக்கையாக இரண்டு வார்த்தை. குடும்பத்தின் குரலும் நோயாளியின் குரலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மகன் "மாத்திரை எல்லாம் ஒழுங்காகப் போடுகிறார்" என்பார், அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மனநலம், கருத்தடை, வீட்டுக்குள் அடி உதை, வளரிளம் பருவத்தினர் விஷயம் எல்லாவற்றிலும் நோயாளியோடு தனியாகச் சில நிமிடம் வேண்டும். அதைச் சந்தேகப்பட்டவருக்கு மட்டும் செய்தால் வீட்டில் கேள்வி வரும். "இங்கே எல்லோரோடும் கொஞ்ச நேரம் தனியாகப் பேசுவது வழக்கம்" என்று விதியாகவே வைத்துவிடுங்கள்.

மொழிபெயர்க்கக் குழந்தைகளை நிறுத்தக் கூடாது.

பார்த்துக்கொள்பவர் யார், அவருடைய போன் எண் என்ன, அவரிடம் எதுவரை சொல்லலாம் என்று நோயாளி ஒப்புக்கொண்டது: மூன்றும் கேஸ் ஷீட்டில் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். அவரிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "உங்களால் முடிகிறதா?" இரவு தூக்கமில்லாத ஒருவர் அளக்கும் இன்சுலினில்தான் தப்பு வரும்.

மார்ச் 15, மாலை 6:40

கூட்டிப் பேசிப் பயனில்லை என்னும் எதிர்க்கட்சியின் நல்ல ஆதாரத்தையும் வைத்துவிடுகிறேன், இல்லையென்றால் யாராவது பிடித்துக்கொள்வார்கள். உகாண்டாவில் 50 மருத்துவ நிலையங்களை எடுத்து, அவற்றில் பாதியில் ஊர் மக்களையும் ஊழியரையும் உட்காரவைத்து, தர அறிக்கையைப் பார்த்துச் செயல்திட்டம் போட வைத்தார்கள். ஓராண்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணம் 33 சதவீதம் குறைந்தது என்று 2009-ல் வெளியானது. உலகமே எடுத்துக்காட்டிய ஆய்வு. பிறகு அதே நாட்டில் 376 நிலையங்களை எடுத்துக்கொண்டு பெரிதாகச் செய்து பார்த்தார்கள். சிகிச்சைத் தரத்திலும் திருப்தியிலும் சிறு முன்னேற்றம். மரணத்தில் மாற்றம் காணோம்.

மக்களைக் கூட்டிப் பேச வைப்பதே மந்திரம் என்று நம்பினால் ஏமாற்றம்தான். ஊழியர் கையில் உள்ள விஷயத்தில் அழுத்தம் வேலை செய்யும். மருந்து வரத்தே இல்லாத இடத்தில் யாரைக் கேள்வி கேட்டு என்ன? அதனால் எந்தப் பிரச்சினையை எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும்போதே, மேலிட அனுமதி இல்லாமல் நம் மையம் தானே மாற்றக்கூடியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வேலைக்காவது இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

மார்ச் 15, இரவு 7:55

கேஸ் ஷீட்டை நோயாளியே படிக்கலாமா என்ற கிளைச் சண்டைக்கு: 2010-ல் அமெரிக்காவில் மூன்று இடங்களில் நூற்றுக்கு மேற்பட்ட ஆரம்ப சிகிச்சை மருத்துவர்கள் தங்கள் குறிப்புகளை நோயாளிகளுக்குத் திறந்துவிட்டார்கள். போன் மேல் போன் வரும், வேலை நடக்காது என்று பயந்தார்கள், அப்படி ஆகவில்லை. ஆண்டு முடிவில் பதில் சொன்ன நோயாளிகளில் 99 சதவீதம் பேர் தொடர வேண்டும் என்றார்கள், எந்த மருத்துவரும் நிறுத்தவில்லை. குறிப்பைப் படித்தவர்களில் ஐந்தில் ஒருவர் அதில் தவறு கண்டதாக 2020-ல் இன்னொரு ஆய்வு வந்தது. காசில்லாத பிழைதிருத்துநர்கள்.

மார்ச் 17, காலை 8:30

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து "சரி, இருக்கிற குழுவை என்ன செய்வது, கலைப்பதா?" என்கிறார்.

கலைக்க வேண்டாம். அடுத்த கூட்டத்தை அறையில் நடத்தாதீர்கள். உறுப்பினர் ஒருவர், ஊழியர் ஒருவர் என்று ஜோடி போட்டு, வாசலிலிருந்து மருந்து வாங்கும் ஜன்னல் வரை நோயாளி போகும் வழியில் நடக்க விடுங்கள். நோயாளிச் சீட்டோடு ஒரு தாளைக் குத்தி அனுப்பி ஐந்து இடத்தில் மணியை எழுதச் சொல்லுங்கள்: வந்தது, பதிவானது, நர்ஸ் பார்த்தது, மருத்துவர் பார்த்தது, மருந்து கிடைத்தது. காலை, மதியம், மாலை சேர்த்து இருபது தாள் போதும். "எந்த இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றீர்கள்?" என்று தாளின் அடியில் ஒரே ஒரு கேள்வி. இது எந்தெந்த நாளில் நடக்கிறது என்று ஊழியருக்கு முன்கூட்டியே சொல்லத்தான் வேண்டும், ஒளிந்திருந்து பிடிப்பது வினையாகும். முதல் நாள் எல்லோரும் நன்றாக நடந்துகொள்வார்கள். அதனால் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் தாள்களையே கணக்கில் எடுங்கள்.

பிறகு சுவரில் ஒரு பலகை. மூன்று கட்டம்: நீங்கள் சொன்னது, நாங்கள் செய்தது, செய்ய முடியாதது. மூன்றாவது கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அங்கே காரணமும், அதை முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் என்பதும் எழுதியிருக்க வேண்டும். தேதி இல்லாத பலகையை யாரும் நம்பமாட்டார்கள்.

மார்ச் 17, காலை 8:42

நாற்காலிப் பேச்சைக் கிண்டல் செய்தேன், முழுக்கத் தள்ளிவிட வேண்டாம். மூட்டுவலிக்காரர் முக்கால் மணி நேரம் நிற்க முடியாமல் ரத்த அழுத்தம் பார்க்காமலே திரும்பிப் போனால் அது மருத்துவத் தரம்தான். நின்றுகொண்டிருந்து பதற்றத்தோடு உள்ளே போனவருக்கு எடுக்கும் அளவும் சரியாக இருக்காது. முதுகு சாய்த்து, கால் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகுதான் எடுக்க வேண்டும். ஆக அந்தக் குழு சொன்ன முதல் விஷயத்தையே எடுத்து, ரத்த அழுத்தம் பார்க்கும் மேசைக்கு முன்னால் மூன்று நாற்காலி போட்டு, இரண்டு வாரம் அளவுகளைக் குறித்துப் பாருங்கள்.